குல்லாயில் தையல் சரிதான்

பிப்ரவரி 14, திங்கள்

நினிவே நோன்பு தொடங்கிவிட்டது. யோனா மூன்று நாள் மீன் வயிற்றுக்குள் பட்டினி கிடந்தார். அதற்காக மல்லவி ஊர்க் கிறிஸ்தவர்கள் என் கடை வாசலில் முண்டியடிக்கிறார்கள். பால் ஆகாது, முட்டை ஆகாது, கறி ஆகாது. வேறு எதுதான் ஆகும்? இந்த ஹிக்மத் சுடுகிற அவரை வடைதான் ஆகும். யோனா இன்னும் கொஞ்ச நாள் உள்ளேயே இருந்திருக்கலாம். கடைக்கு ஒரு புதுச் சட்டி வாங்கியிருப்பேன்.

இதைச் சொன்னதற்கு நாஷெத் முறைத்தார். "ஊரே அழுது செபம் பண்ணுது. என் பொண்டாட்டி மட்டும் பல்லைக் காட்டுறா."

"நானுந்தான் அழுவுறேன். வெங்காயம் உரிக்கிறது யாரு?"

மாடியில் இன்ஸாஃப் அக்காவுக்கு இன்றும் பாலாடைக்கட்டி கொண்டுபோனேன். அவளுக்கு நோன்பு கிடையாது. சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் நான்தான் இன்சுலின் ஊசி போடுகிறேன். பாவசங்கீர்த்தனம் கேட்கிற லூக்கா சாமியே விலக்குக் கொடுத்திருக்கிறார். "உனக்கு மருந்துதாம்மா நோன்பு" என்றார். "எனக்கும் கொஞ்சம் சர்க்கரை குடுக்கா, பாலாடைக்கட்டியாவது திங்கிறேன்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் மகன் ரிஸ்க் லிபியா போய், அங்கிருந்து இத்தாலிக்குப் படகு ஏறினான். ஒரு வருஷமாகத் தகவல் இல்லை.

பிப்ரவரி 15

அக்கா தலையணைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு படுக்கிறாள். அடித்தால் கேட்க வேண்டுமாம். அடிக்காததுதான் அவளுக்கு நன்றாகக் கேட்கிறது.

பிப்ரவரி 19, சனி

துணிக்கடை புஷ்ரா வீட்டு மொட்டைமாடி அறைக்கு ஒரு துறவி வந்து தங்கியிருக்கிறார். பீமேன் என்று பெயர். இந்தக் குளிரில் காலில் ஒன்றும் போடுவதில்லையாம். பொழுது சாய்ந்த பிறகு ரொட்டியும் உப்பும், அவ்வளவுதானாம். காணிக்கை வைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறாராம்.

அக்கா போய்ப் பார்த்துவிட்டு முகமெல்லாம் விளக்காக வந்தாள். "நான் வாயையே தெறக்கல ஹிக்மத். 'உன் பிள்ளை தண்ணியைத் தாண்டிட்டாம்மா'ன்னாரு."

"நம்ம தெருவுல பாதி வீட்டுப் பிள்ளைங்க தண்ணியைத் தாண்டித்தான் கெடக்காங்க. நானும் சொல்றேன், என் கையிலயும் முத்தம் குடு."

முத்தம் கொடுக்கவில்லை. அடித்தாள்.

பிப்ரவரி 23

காசு வாங்காத சாமியாரைக் கண்டால் எனக்கு இன்னும் அதிகப் பயம். காசு கேட்கிறவனுக்கு என்ன வேண்டுமென்று நமக்குத் தெரியும். கேட்காதவனுக்கு என்ன வேண்டும்?

முன்பு ஒருவன் கடையில் வாங்கின துறவிக் குல்லாயை மாட்டிக்கொண்டு, அநாதைப் பிள்ளைகளுக்கென்று வீடுவீடாக வாங்கித் தின்றுவிட்டு ஓடினான். அதிலிருந்து எங்கள் பெண்களுக்கு ஒரு அடையாளம் பாடம். மடத்துக் குல்லாய் நடுவில் பிளந்து கையால் தைத்ததாக இருக்கும். சிலுவைப் பூவேலை பக்கத்துக்கு ஆறு, பின்னால் ஒன்று. கடைக் குல்லாயில் பிளவு இருக்காது, மேலே ஒரு கோடு மட்டும் ஓட்டியிருப்பான்.

நானும் கூட்டத்தோடு போய் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. "சாமி, குல்லாயில நூல் விட்டிருக்கு. குடுங்க, ரெண்டு தையல் போட்டுத் தர்றேன்."

கழற்றி என் மடியில் போட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பிளவு இருந்தது. கைத்தையல். பழைய கம்பளி, வேர்வை ஊறியது. பூவேலையும் சரி. விட்டுப்போன நூல் ஒன்றும் இல்லை, எதைத் தைப்பது?

"சந்தேகம் தீந்துச்சாம்மா?" என்றார். கோபமே இல்லை. மெதுவாக, பால் கொடுக்கிறவள் பேசுகிற மாதிரி.

ஊரையே வாயால் வறுக்கிற எனக்கு ஒரு சொல் வரவில்லை. நாஷெத்திடம் சொன்னேன். "அந்த மனுஷனை நம்ம வீட்டுல குடிவச்சுக்கலாமா? எனக்கு நிம்மதி" என்றார்.

பிப்ரவரி 28, திங்கள்

பெரிய நோன்பு தொடங்கிற்று. இனி ஈஸ்டர் வரை கடையில் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

காலையில் பாலாடைக்கட்டியும் முட்டையும் கொண்டுபோனேன். அக்கா தட்டைத் தள்ளிவிட்டாள்.

"லூக்கா சாமி விலக்குக் குடுத்தாரே."

"விலக்குக் குடுத்தது மனுஷன். நோன்பு குடுத்தது கடவுள்."

அது அவள் பேச்சு இல்லை. அவளுக்கு இப்படி அளந்து பேச வராது. பிறகு ஊசியை எடுத்தேன். கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். "இது மாட்டோடதும் பன்னியோடதும் ஹிக்மத். மிருகத்தோட வயித்துலேர்ந்து எடுத்தது. உடம்புக்குள்ள போனா நோன்பு முறிஞ்சிரும். முறியாத நோன்பு ஒண்ணு இருந்துட்டா ஈஸ்டருக்குள்ள ரிஸ்க் வருவான்னு பீமேன் சாமி சொன்னாரு."

மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். "அது அந்தக் காலத்துலம்மா. இப்ப மாடும் இல்ல, பன்னியும் இல்ல" என்றார். வந்து சொன்னேன். "மருந்து விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?" என்றாள்.

கடைசியில் நான்தான் கேட்டேன், "அவரு துறவிதானான்னு உனக்குத் தெரியுமா?"

தட்டை இன்னும் தூரத் தள்ளினாள். "சரி. நீ போயி அவரோட மடத்துல விசாரி. கள்ளன்னா நீ சொன்னபடி குத்திக்கிறேன். உண்மையான துறவின்னா ஊசியைப் பத்திப் பேசக் கூடாது."

"சரி" என்றேன். உடனே சொன்னேன். என் வாய் எப்போதும் முதலில் போய் நிற்கும், நான் பின்னால் போவேன். போய் வருகிறவரை ஊசி போடலாம் என்று மட்டும் ஒப்புக்கொண்டாள்.

மார்ச் 5, சனி

மடத்துக்குப் போய் வந்தோம். வழியெல்லாம் மணல் காற்று. நாஷெத் சிரிக்கவைக்கப் பார்த்தார், "உன்னையே உள்ள சேத்துக்கிட்டாங்கன்னா நான் தனியா வந்துருவேன்" என்று.

வாசல் பார்க்கிற துறவி வயசானவர். நாஷெத்தின் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். "எங்க பீமேன்" என்றார் உடனே, சொந்தத் தம்பியைப் பார்த்த மாதிரி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்று மடத்தலைவரிடம் சொல்லிக்கொண்டு வெளியே போயிருக்கிறாராம். "நல்ல செபக்காரர். ராத்திரியெல்லாம் நிப்பாரு." எங்களுக்கு ரொட்டியும் பயறும் கொடுத்தார்.

நான் வேறொன்றும் கேட்கவில்லை. அவர் என்ன போதிக்கிறார் தெரியுமா, ஊசி போட்டால் நோன்பு முறியும் என்கிறாரே, அது உங்கள் மடத்துப் போதனையா - கேட்டிருக்கலாம். நாக்கு நுனியில் அந்தக் கேள்வியே இல்லை. ஆள் நிஜமா, உடை நிஜமா, அது ஒன்றைத்தான் மண்டையில் கட்டிக்கொண்டு போனேன்.

பஸ்ஸில் நாஷெத் என் காதருகே சொன்னார். "கள்ளன்னு சொல்லிடு."

"நோன்புல பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"ஒரு பொய். அப்புறம் லூக்கா சாமிக்கிட்டப் போயி ரெண்டு பேருமா அழுதுரலாம்."

அக்கா மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். என் முகம் எதையும் ஒளிக்காது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். நானும் சொன்னேன். "துறவிதான்."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சந்தோஷமாக அழுது பார்த்தேன்.

மார்ச் 6

கையை நீட்டவில்லை.

மார்ச் 7, திங்கள்

லூக்கா சாமியிடம் போனேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஞாயித்துக்கிழமை பீடத்துல நின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

"அவர் மடத்துல பேர் வாங்கின ஆளு. நான் பொண்டாட்டி பிள்ளையோட இருக்கற ஊர்ச் சாமி. ஜனங்க யாரை நம்புவாங்க? பெரிய நோன்புல கோயிலை ரெண்டாப் பொளக்கச் சொல்றியா?"

"எங்க அக்கா ஒரு ஆளுதான் சாமி. அவளை ரெண்டாப் பொளந்தாப் பரவால்லையா?"

தாடியைத் தடவினார். ஆயருக்குச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். சாயங்காலம் அக்காவைப் பார்க்கவும் வந்தார், பொய் சொல்லக் கூடாது. அவள் அவர் கையில் முத்தமிட்டு, தேநீர் கொடுத்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டு, வாசல் வரை வழியனுப்பினாள். ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை.

மார்ச் 14, திங்கள்

இன்று என்னால் முடியவில்லை. எண்ணெய்ச் சட்டியை நாஷெத்திடம் விட்டுவிட்டு மாவுக் கையோடு புஷ்ரா வீட்டு மாடி ஏறினேன். அறை நிறையப் பெண்கள்.

"சாமி, உங்க இடுப்புல கட்டியிருக்கறது தோல்வார்தானே? மாட்டுத்தோலா, ஆட்டுத்தோலா?"

"தோல்தாம்மா."

"அது நோன்பை முறிக்காதா?"

ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மட்டும் அப்படியே இருந்தார். "வெளிய கட்டுறது வேற, உள்ள போறது வேற. உங்க அக்கா எவ்வளவு பெரிய ஏணியில ஏறிக்கிட்டிருக்காங்க தெரியுமா? கீழ நின்னு காலைப் பிடிச்சு இழுக்காதீங்க."

"ஏணியில ஏறறவளுக்கு மயக்கம் வருது சாமி. நேத்து சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தா."

"அவங்களுக்காக நான் இன்னைக்கு ரொட்டியும் தொடப் போறதில்ல" என்றார்.

அவ்வளவுதான். அறையே அழுதது. என்னை யார் வெளியே தள்ளினார்கள் என்றுகூடத் தெரியவில்லை, நாலைந்து கைகள். புஷ்ராவின் மனைவி படியில் வைத்துச் சொன்னாள், "வடை சுடுற வாயிக்கு வேதம் எதுக்கு?"

அவர் நடிக்கிறார் என்றால் எனக்கு எளிது. நடிக்கவில்லை. அவர் சொல்வதை அவரே நம்புகிறார். நிஜமாகவே பட்டினி கிடப்பார். அதனால் என்ன? அவருக்குச் சர்க்கரை இல்லையே. அவர் பட்டினி அவரை மெலியவைக்கும். அக்காவின் பட்டினி?

மார்ச் 16

நோன்புக் காலத்தில் பாதி மாவு மிஞ்சியது, இதுதான் முதல் தடவை. துறவியை ஏசினவள் கையால் தின்னமாட்டார்களாம். அடுத்த தெருவில் முஸ்லிம் பிள்ளைகள் வந்து வாங்கிப்போனார்கள். "என்ன அத்தை, உங்க ஆளுங்களுக்கு நோன்பு முடிஞ்சுபோச்சா?" என்றான் ஒருவன். "எனக்கு முடிஞ்சுபோச்சுடா" என்றேன்.

மார்ச் 21, திங்கள்

அக்கா அறையில் சாம்பிராணி. எப்போதும் சாம்பிராணி. இன்றுதான் ஏன் என்று தெரிந்தது.

வெறுங்காலில் நூற்றுக்கணக்கான தடவை விழுந்து விழுந்து கும்பிடுகிறாள். தரையில் எதுவோ குத்தியிருக்கிறது. அவளுக்கு வலிக்கவில்லை. சர்க்கரைக்காரிக்குக் கால் வலிக்காதே. பாதத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை. அதில் மந்திரித்த எண்ணெயில் நனைத்த பஞ்சு. நாற்றம் - நான் எழுதமாட்டேன்.

கத்தினேன். அடிக்கக்கூடக் கையை ஓங்கிவிட்டேன். ஏண்டி இப்படிப் பண்ற, உன் பிள்ளை வந்தா யாரைடி பாப்பான், பொணத்தையா பாப்பான். அவள் சுருங்கி உட்கார்ந்துகொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீதானே ஹிக்மத் போயி விசாரிச்சுட்டு வந்த."

டாக்டரைக் கூட்டிவந்தோம். கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். நாஷெத் கதவை உடைப்பேன் என்றார். உடைத்து, கையைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். நாங்கள் மரியாதையான குடும்பம், டாக்டருக்கு ஒரு தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம்.

மார்ச் 26, சனி

மதியம் தட்டினேன், பதில் இல்லை. இப்போது உடைத்தார் நாஷெத். அக்கா சிலுவைப்படத்துக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்தாள். கும்பிட விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மூச்சில் அழுகின பழ வாசனை. மூச்சு இருந்தது, அது போதும்.

ஆஸ்பத்திரியில் முதலில் போட்டது இன்சுலின்.

மார்ச் 29, செவ்வாய்

அக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 31

கண் திறந்தாள். நான் குனிந்தேன், தண்ணீர் கேட்பாள் என்று.

"ஊசி போட்டீங்களா?"

"போட்டாங்கக்கா."

முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். காலுக்காக இல்லை. காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. "நோன்பு போச்சே. ரிஸ்க் போயிட்டான். நீங்க எல்லாருமாச் சேந்து என் பிள்ளையைக் கொன்னுட்டீங்க."

ஏப்ரல் 8, வெள்ளி

எப்படி எழுதுவது. எழுதிவிடுகிறேன்.

ரிஸ்க் பேசினான்.

உயிரோடு இருக்கிறான். படகை ஓட்டினவன் இவன்தான் என்று இத்தாலியில் பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள். கிறிஸ்மஸிலிருந்து நாஷெத் மிலானில் இருக்கிற தன் சித்தப்பா மகனை விடாமல் நச்சரித்தார். அவன் கோயில்காரர்களைப் பிடித்து, அவர்கள் ஒரு வக்கீலைப் பிடித்து, சிறை சிறையாகத் தேடிக் கண்டுபிடித்தார்கள். கிடைக்கவில்லையென்றால் அக்கா தாங்கமாட்டாள் என்று என்னிடம்கூட நாஷெத் சொல்லவில்லை. இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா காதில் போனை வைத்ததும் அவர்தான்.

"அம்மா" என்றான். எனக்கும் கேட்டது. வார்டே கேட்டது.

பேசி முடித்ததும் அக்கா அந்தப் போர்வையைத் தடவினாள், கால் இல்லாத இடத்தில். "ஒரு கால்தான் கேட்டாரு கடவுள். குடுத்துட்டேன். பீமேன் சாமி சொன்னது நடந்துச்சு பாத்தியா."

நாஷெத் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். "ஒரு நன்றி வேணாம்டி. ஆனா இப்படியா?" என்றார். அவரைச் சிரிக்கவைக்க ஏதாவது சொல்லத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

ரிஸ்க் கிடைத்தான். நான் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வாயெடுத்தால் அதற்குள் அந்த ஆள் குல்லாயோடு வந்து நின்று அதையும் வாங்கிக்கொள்கிறார்.

ஏப்ரல் 17, குருத்து ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். குருத்தோலையோடு ஊரே மாடியேறுகிறது. முதலில் புஷ்ரா வீடு, அப்புறம் எங்கள் வீடு. கால் கொடுத்து மகனை வாங்கினவளைப் பார்க்கவேண்டுமாம். என் படிக்கட்டில் செருப்பு வைக்க இடமில்லை.

பீமேன் சாமியும் வந்தார். அக்கா தலையில் கைவைத்து அழுதார். பிறகு, "இப்ப ஊசி போட்டுக்கலாம். நேர்ச்சை நிறைவேறிடுச்சு" என்று அனுமதி கொடுத்தார். அக்கா உடனே என்னிடம் கையை நீட்டினாள். லூக்கா சாமியும் டாக்டரும் கூடப் பிறந்த நானும் கெஞ்சினபோது நீளாத கை.

போட்டேன். வேறு என்ன செய்ய?

ஏப்ரல் 24, ஈஸ்டர்

கிறிஸ்து உயிர்த்தார் என்றார்கள். மெய்யாகவே உயிர்த்தார் என்றேன். அது ஒன்றை மட்டும் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

ஏப்ரல் 28

மடத்திலிருந்து ஆட்கள் வந்து பீமேனைக் கூட்டிப்போய்விட்டார்கள். ஆயர் சொல்லித்தானாம். ஏன் என்று யாரும் வெளியே சொல்லவில்லை. பெண்கள் வண்டிக்குப் பின்னால் அழுதுகொண்டு ஓடினார்கள். லூக்கா சாமிக்குப் பொறாமை என்று பேசிக்கொள்கிறார்கள். "இப்பவாவது பீடத்துல சொல்லுங்களேன்" என்றேன் அவரிடம். "போயிட்டாரே, இனி எதுக்கு?" என்றார்.

போய்விட்டாரா. அவர் சொன்னது மாடியில் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறதே.

மே 2, திங்கள்

தெய்ரூத் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். தெரேஸ் என்று பெயர். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பாள், நடக்கும்போது மூச்சு வாங்கியது. புருஷன் லிபியாவில் தொலைந்துவிட்டான். வயிற்றுப்பிள்ளையோடு சர்க்கரையும் வந்திருக்கிறதாம். மடியில் ஊசிப் பெட்டியை வைத்துக்கொண்டு அக்கா கட்டிலடியில் உட்கார்ந்தாள்.

"அடுத்த மாசம் அப்போஸ்தலர் நோன்பு வருதேம்மா. நீங்க பண்ண மாதிரி நானும் பண்ணட்டுமா? வழி சொல்லுங்க."

அக்கா புன்னகை செய்தாள். புது முகம் அது, அளந்து பேசுகிற முகம். "விசுவாசம் இருந்தா இதெல்லாம் எதுக்கும்மா?" என்று அந்தப் பெட்டியின் மேல் கைவைத்தாள்.

நான் போர்வையை உருவினேன்.

முன்பே தீர்மானித்து வைத்ததில்லை. இழுத்துத் தரையில் போட்டுவிட்டேன். அக்கா மூடக்கூட இல்லை. தையல் இன்னும் ஆறவில்லை. அந்தப் பெண் பார்த்தாள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நின்றேன்.

"எங்க அக்கா மகனைக் கண்டுபிடிச்சது என் புருஷன். போன் போட்டுப் போட்டுக் கண்டுபிடிச்சாரு. உன் புருஷன் பேரைச் சொல்லும்மா, அவருக்கும் போடச் சொல்றேன். அந்தப் பெட்டியைப் பையில வை."

வைத்தாள். போகும்போது அக்காவின் கையில் முத்தமிடவில்லை.

மே 9, திங்கள்

அக்கா அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. வாசலில் ஊசியோடு வந்தால், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறாள். குத்திவிட்டு வருகிறேன்.